பதினாலு பேப்பர்

ஜன்னல் பக்கம் நீங்களே இருங்க, எனக்கு இந்த ஓரமே போதும். முட்டிய நீட்டி வச்சிக்கலாம். புளியங்குடி போறீங்களா? நான் அதுக்கு முன்னாடியே எறங்கிருவேன். ஸ்கூலுக்குத்தான் போறேன். ஆமா, டீச்சர்தான். கணக்கு. மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கும்போல, எல்லாரும் கண்டுபிடிச்சிர்றாங்க.

எந்த ஸ்கூல்னு கேக்காதீங்க. போன வருஷம் வரைக்கும் நீங்க கேக்கவே வேண்டியிருந்திருக்காது. இந்த ரோட்டுல வர்ற யாருக்கும் தெரியும். பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ல பதினஞ்சடிக்கு ஃப்ளெக்ஸ் போர்டு நிக்கும். பத்தாம் வகுப்பு, நூறு சதவீதத் தேர்ச்சி, கணித ஆசிரியை திருமதி ஞானசௌந்தரி அவர்களுக்கு நன்றின்னு என் போட்டோ போட்டு. பதினோரு வருஷம். ஒரு வருஷம் தப்பல. இந்த மே மாசம் கம்பு மட்டும் நின்னுச்சு. இப்ப அதுல யாரோ ஆட்டைக் கட்டுறாங்க.

யாரால போச்சுங்குறீங்க? ஒரு சமூக அறிவியல் டீச்சரால. செண்பகான்னு பேரு. முப்பது வயசு இருக்கும். எங்க ஸ்கூலுக்கு வந்து மூணு வருஷம்கூட ஆகல.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் நன்னெறி வகுப்புன்னு டைம் டேபிள்ல இருக்கும். எல்லா ஸ்கூல்லயும் இருக்கும், யாரு நடத்துறா? நான்தான் அதை வாங்கிக் கணக்கு போட்டுக்கிட்டிருந்தேன். டிரில் பீரியடையும் நான்தான் வாங்குவேன். அப்படி வாங்கி வாங்கித்தான் பதினோரு வருஷம் அந்தப் போர்டு நின்னுச்சு. இவ வந்த வருஷம் ஒரு சர்க்குலர் வந்துச்சு. மாணவர்களிடம் கற்றல் குறித்த நேர்மறை மனப்பான்மையையும் பிறர்மேல் அக்கறையையும் வளர்க்க வேண்டுமாம். ஹெச்.எம். சார் அதை ஸ்டாஃப் ரூம்ல வாசிச்சப்ப எல்லாரும் சிரிச்சோம். இவ மட்டும் கையத் தூக்கி, நான் எடுக்குறேன் சார்னா. சரி எடுன்னு ஒம்பதாம் வகுப்பு பி செக்ஷனைக் கொடுத்துட்டார். என் பீரியட் போச்சு.

அந்த வகுப்புல என்ன நடக்கும்னு நினைக்கிறீங்க? எல்லாப் பிள்ளையும் எந்திரிச்சு, எனக்கு இது வரலைன்னு ஒண்ணைச் சொல்லணுமாம். வந்ததைச் சொல்றதில்ல, வராததை. வெக்கமில்லாம ஒவ்வொண்ணும் எந்திரிச்சுச் சொல்லும், எனக்கு வகுத்தல் வரல, எனக்கு இங்கிலீஷ்ல ஸ்பெல்லிங் வரலன்னு. உடனே அது வர்ற பிள்ளை ஒருத்தி, வராதவ பக்கத்துல போய் உக்காரணும். பக்கத்துல உள்ளவளுக்குப் புரியிற வரைக்கும் உனக்குப் புரிஞ்சதா அர்த்தம் இல்லைன்னு சட்டம். பெயிலுங்குற வார்த்தையச் சொல்லக்கூடாது. இன்னும் வரலைன்னுதான் சொல்லணும். நான் வராந்தாவுல போகும்போது கேப்பேன், சந்தைக்கடை மாதிரி இருக்கும்.

ஒருநாள் இவளும் எந்திரிச்சு நின்னு, எனக்கு சைக்கிள் ஓட்ட வராதுன்னுட்டா. ஒரு டீச்சர், பிள்ளைங்க முன்னாடி. அடுத்த வெள்ளிக்கிழமை கிரவுண்டுல பாத்தா, பிள்ளைங்க சைக்கிளைப் பிடிச்சுக்கிட்டு ஓடுதுங்க, இவ சேலையத் தூக்கிச் செருகிக்கிட்டு மேல உக்காந்திருக்கா. ரெண்டு தடவ விழுந்தா. முழங்கையில ரத்தம். எந்திரிச்சுச் சிரிக்கிறா. பிள்ளைங்களும் சிரிக்குதுங்க. முப்பத்தொரு வருஷ சர்வீஸ்ல என்னப் பாத்து ஒரு பிள்ளை சிரிச்சது கிடையாது. சிரிச்சிருமா?

என் முறை வேற. பரீட்சை பேப்பர் கொடுக்கும்போது கடைசி மார்க்குல இருந்து கொடுப்பேன். பேரைச் சொல்லி, மார்க்கைச் சத்தமா வாசிச்சு, ஒரு வார்த்தை சொல்லிக் கொடுப்பேன். மரமண்டைம்பேன், வீட்டுல மாடு இருக்கான்னு கேப்பேன், அவ அவளுக்குத் தக்கபடி. எதுக்கு? ரோஷம் வரணும். ரோஷம் வந்தா தன்னால படிப்பா. பேப்பர்ல மொத்த மார்க்கைச் சிவப்புல போட்டு வட்டம் போடுவேன், அவ்வளவுதான். எங்க தப்பு, எப்படித் தப்புன்னு ஒவ்வொண்ணா எழுதிக்கிட்டு உக்காந்திருக்க முடியுமா? அஞ்சு செக்ஷன், இருநூறு பேப்பர். நீங்களே சொல்லுங்க.

அப்படியும் ரோஷம் வராத சென்மம் ஒவ்வொரு வருஷமும் ரெண்டு மூணு இருக்கும். அதுகளுக்குன்னு ஒரு ஏற்பாடு வச்சிருந்தோம். வெளிய யாரும் சொல்ல மாட்டாங்க, நீங்க முகந்தெரியாத ஆளு, அதனால சொல்றேன். ஒம்பதாவது முடிஞ்சு ஜூன்ல ஸ்கூல் திறந்ததும், கணக்குல கடைசியா வர்ற பேரை லிஸ்ட் போட்டு ஹெச்.எம். சார்கிட்ட கொடுத்திருவேன். அவர் தாய் தகப்பனைக் கூப்பிட்டு, ஒங்க பிள்ளைக்கு இங்க படிப்பு ஏறாது, டி.சி.ய வாங்கிட்டு வேற எங்கயாவது சேருங்க, இல்ல வெளியில இருந்து எழுத வைங்கன்னு பக்குவமாச் சொல்லிருவார். அவங்களும் தலைய ஆட்டிட்டு வாங்கிட்டுப் போயிருவாங்க. ஒரு சண்டை கிடையாது. பத்தாவதுல பெயிலாகி ஊரெல்லாம் தெரிஞ்சு அவமானப்படுறதுக்கு இது மேலு இல்லையா? நான் அதை ஒரு புண்ணியமாத்தான் நினைச்சேன். நூறு சதவீதம்னா சும்மா வராது.

போன வருஷ லிஸ்ட்ல மூணு பேரு, மூணும் செண்பகா எடுத்த அந்த பி செக்ஷன். அதுல முதல் பேரு முப்பிடாதி. ஒம்பதாவது முழுப்பரீட்சையில இருபத்திரெண்டு. அப்பா இல்ல. அம்மா சங்கரன்கோவில் பூச்சந்தையில பூக்கட்டுது. ஹெச்.எம். சார் சொன்னதும், அந்தம்மா, மில்லு வேன் எங்க தெருவுக்கு வருது சார், அதுல ஏத்தி விட்டுர்றேன்னு மட்டும் சொல்லிச்சாம். நூல் மில்லுக்கு. சரி, சம்பாதிக்கட்டும். எல்லாரும் கலெக்டரானா நூல் யாரு நூக்குறது?

மறுநாள் காலையில ஹெச்.எம். சார் என்னைக் கூப்பிட்டு விட்டார். போனா, மனுஷன் ஃபேனுக்கு நேர் கீழ உக்காந்து வேர்த்துக் கொட்டிக்கிட்டிருக்கார். மேசை மேல கடிதம். ஒண்ணு ரெண்டு இல்ல, முப்பத்தெட்டு. அந்த வகுப்புல மொத்தம் நாப்பத்தொண்ணு. அதுல இந்த மூணு போக மிச்சம் உள்ள அத்தனை பேரும் டி.சி. கேட்டு எழுதிக் கொடுத்திருக்குதுங்க. ஒவ்வொண்ணுலயும் தாய் தகப்பன் கையெழுத்து. காரணம்னு எழுதுற இடத்துல எல்லாத்துலயும் ஒரே வரி: அந்த மூணு பேரும் சேருற பள்ளியிலேயே என் மகளையும் சேர்க்க விரும்புகிறேன்.

கள்ளக் கையெழுத்தா இருக்கும்னேன். நாலு வீட்டுக்கு போன் பண்ணிப் பாத்தார். நாலு பேரும், ஆமா சார், நாங்கதான் போட்டோம்னாங்க. அதுல ஒருத்தர் எங்க ஸ்கூல் கமிட்டி மெம்பரோட தம்பி. என்ன பண்றது சார், மக ராத்திரி சாப்பிடாம உக்காந்துட்டா, போட்டுக் கொடுத்துட்டேங்குறார். பெத்தவங்க லட்சணம் அப்படி இருக்கு.

செண்பகாவைக் கூப்பிட்டார். அவ வந்து கடிதத்தையெல்லாம் பாத்துட்டு முழிக்கிறா. எனக்குத் தெரியாது சாருங்குறா. கண்ணு வேற கலங்குது. இதெல்லாம் நம்புறீங்களா நீங்க? நான் நம்பல. பிள்ளைங்களைக் கேட்டா, டீச்சர் ஒண்ணும் சொல்லல, நாங்களாத்தான் பண்ணோம்னு ஒரே பாட்டு. ஒம்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு அம்புட்டு மூளை இருந்தா கணக்குல காட்டியிருக்கும்ல.

ஃபர்ஹானான்னு ஒருத்தி. அந்த வகுப்புக்கே முதல் மார்க். சென்டத்துக்குன்னே நான் வளத்து வச்சிருந்த பிள்ளை. அவளத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டேன், ஒனக்கு என்னடி வந்துச்சு, அவளுக எக்கேடு கெட்டா ஒனக்கென்னன்னு. அவ மெதுவாச் சொல்றா:

"முப்பிடாதிக்கு சொல்லிக் கொடுக்கும்போதுதான் டீச்சர் எனக்கே பாதிக் கணக்கு புரிஞ்சுது. அவ ஏன், ஏன்னு கேப்பா. நான் யார்கிட்டயும் கேட்டதில்ல."

பாத்தீங்களா, எனக்கு நன்றி சொல்ல வேண்டிய வாயி. அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சு போச்சு, இந்தப் பிள்ளை கெட்டுப் போச்சுன்னு.

முப்பத்தெட்டு டி.சி. கொடுத்தா ஸ்கூல்ல ஒரு செக்ஷனே காலியாகும், ஒரு வாத்தியார் வேலையே போகும். ஹெச்.எம். சார் பயந்துட்டார். மூணு பேரும் இருக்கட்டும், பாத்துக்கலாம்னுட்டார். எங்க பாக்குறது, என் கழுத்துல கத்திய வச்சுட்டு. அந்த வருஷம் முழுக்க எனக்கு ரத்தக் கொதிப்பு மாத்திரை ஒண்ணு ரெண்டாச்சு.

அந்தப் பிள்ளைங்க சாப்பாட்டு மணி அடிச்சா வேப்பமரத்தடியில வட்டமா உக்காந்துக்கிரும். ஒரு கையில சோறு, ஒரு கையில பேனா. மத்த வகுப்புப் பிள்ளைங்களும் போய் உக்கார ஆரம்பிச்சிருச்சு, ஒம்பதாவதுல உள்ளதெல்லாம். நான் அந்தப் பக்கம் போனா எந்திரிச்சு நிக்கும். நான் போனதும் மறுபடி ஆரம்பிச்சிரும். நாலஞ்சு தடவ, வாங்க டீச்சர், இது எப்படின்னு கேட்டுச்சுங்க. வகுப்புல சொல்லும்போது கவனிக்கணும்னு சொல்லிட்டு வந்துட்டேன். பின்ன, மரத்தடியில உக்காந்து சொல்லிக் கொடுக்க நான் என்ன ஜோசியக்காரியா?

மே மாசம் ரிசல்ட் வந்துச்சு. நாப்பத்தொண்ணுல நாப்பது பாஸ். மூணு பேர்ல ரெண்டு பேர் தேறிட்டாளுக, ஒருத்தி நாப்பத்தொண்ணு, ஒருத்தி முப்பத்தெட்டு. சென்டம் ஏழு பேரு. அதுக்கு முந்தின வருஷம் ரெண்டு. அது இந்தத் தடவ பேப்பர் ஈசி, அதனால. முப்பிடாதி முப்பத்தொண்ணு. நாலு மார்க்குல போச்சு. பதினோரு வருஷம் நான் கட்டிக் காத்தது, நாலு மார்க்குல. ஃப்ளெக்ஸ் கடைக்காரர் போன் பண்ணி, டீச்சர் பழைய போட்டோவே போட்டுரலாமான்னு கேட்டார். வேண்டாம்னு வச்சிட்டு, அடுப்படியில போய் நின்னு அழுதேன். சொல்றதுக்கு என்ன, அழுதேன்.

செண்பகாவுக்கு அப்பவாவது வெக்கம் வந்திருக்கணும்ல? ரிசல்ட் அன்னைக்கு ஆபீஸ் வாசல்ல அந்தப் பிள்ளையக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. இருபத்திரெண்டுல இருந்து முப்பத்தொண்ணுக்கு வந்திருக்க, இன்னும் நாலுதாங்குறா. பெயிலானவளப் பாத்து. கேக்கிறப்பவே எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

ஜூலை முதல் வாரம் துணைத் தேர்வு இருக்குல்ல, அதுக்குள்ள தேறணும். தேறினா பதினொண்ணுல சேத்துக்கிடலாம். இல்லேன்னா மில்லு வேன்தான். அவ அம்மா அதுவரைக்கும்தான் பொறுத்திருக்கு. சூப்பர்வைசர்கிட்ட சொல்லி வச்சாச்சாம்.

போன ஞாயித்துக்கிழமை காலையில கோயிலுக்குப் போயிட்டு வந்து செருப்பைக் கழட்டுறேன், வாசல்ல முப்பிடாதி நிக்கிறா. கையில ஒரு பூப் பொட்டலம், அம்மா கொடுத்து விட்டுச்சாம். எங்க வீட்டுக்கு இதுவரைக்கும் எந்தப் பிள்ளையும் வந்தது கிடையாது. என்னடின்னேன். தலையக் குனிஞ்சுக்கிட்டுச் சொன்னா:

"என்னால ஒங்க போர்டு போயிருச்சு டீச்சர். மன்னிச்சிருங்க."

அந்த மட்டுக்கும் அறிவு இருக்கேன்னு நினைச்சேன். செண்பகாவுக்கு இல்லாத அறிவு. உள்ள வான்னேன். வந்தா, பையில இருந்து ஒரு கட்டுப் பேப்பரை எடுத்துத் தரையில வரிசையாப் பரப்புறா. வருஷம் முழுக்க நான் வச்ச டெஸ்ட்டு, காலாண்டு, அரையாண்டு, ரிவிஷன் எல்லாம். பதினாலு பேப்பர். ஒண்ணு விடாம வச்சிருக்கா, ஓரம்கூட மடங்காம. பதினாலுலயும் என் சிவப்பு வட்டம்.

"இதுல எனக்கு எது வரலைன்னு பாத்துச் சொல்றீங்களா டீச்சர்? ஃபர்ஹானாவும் நானும் சேந்து பாத்தோம். அவ சொல்லிக் கொடுக்கும்போது சரியாப் போட்டுர்றேன், தனியாப் போட்டா தப்பாயிருது. செண்பகா டீச்சர்தான், கணக்குக்கு ஒங்கள மாதிரி ஆள் கிடையாது, ஒங்ககிட்ட போய்க் கேளுன்னு சொன்னாங்க."

எனக்கு சர்டிபிகேட் கொடுக்க அவ யாரு? ஆனாலும் பிள்ளை கேட்டுருச்சு. கண்ணாடியப் போட்டுக்கிட்டு முதல் பேப்பரை எடுத்தேன். சும்மா ரெண்டு கணக்கைப் பாத்துட்டு அனுப்பிரலாம்னுதான். பாத்தா, படியெல்லாம் ஒழுங்காப் போட்டிருக்கா. சூத்திரம் சரி, எடுத்த வழி சரி. நடுவுல ஒரு இடத்துல சறுக்குது. ரெண்டாவது பேப்பர் எடுத்தேன். அங்கயும் அதே சறுக்கல். மூணாவது, நாலாவது. முட்டி வலியோட தரையில உக்காந்துட்டேன்.

ஒங்களுக்கும் புரியும், சொல்றேன். அடைப்புக்குறிக்கு முன்னாடி கழித்தல் குறி இருந்தா, அடைப்பை எடுக்கும்போது உள்ள இருக்கிற எல்லாத்துக்கும் குறி மாறணும். இவ முதல்ல நிக்கிறதுக்கு மட்டும் மாத்திட்டு, பின்னாடி உள்ளதை அப்படியே விட்டுர்றா. அவ்வளவுதான். ஏழாம் வகுப்புக் கணக்கு. கேட்டா, ஏழாவது படிக்கும்போது மஞ்சக்காமாலை வந்து ஒன்றரை மாசம் ஸ்கூலுக்கே போகலையாம். பதினாலு பேப்பர்லயும் அதே ஒரு தப்புதான். இதை மட்டும் சரி பண்ணினா அறுபது மார்க் தாண்டும். சொல்லிக் கொடுக்கப் பத்து நிமிஷம் ஆகல. நாலு கணக்கு கொடுத்தேன், நாலும் சரி.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். ஒரு வருஷமா ஒரே தப்பையாடி செய்வே, கண்ணு இல்லையா, ஒரு தடவையாவது பேப்பரப் புரட்டிப் பாத்தா தெரியாதான்னு சத்தம் போட்டேன். பக்கத்து வீட்டம்மா எட்டிப் பாத்துச்சு. அவ பேப்பரைப் பாத்துக்கிட்டே சொல்றா:

"தப்புன்னு தெரியும் டீச்சர், நீங்க வட்டம் போட்டிருந்தீங்கல்ல. எது தப்புன்னுதான் தெரியல."

வாயைப் பாருங்க. இந்த வாய்தான் அந்த வகுப்புல கத்துக்கிட்டது.

பேப்பரையெல்லாம் அடுக்கிக் கட்டினா. போயிருவான்னு பாத்தா போகல. இப்ப ஒம்பதாவது முடிச்சு வந்திருக்கிற ரெண்டு பிள்ளைங்க பேரைச் சொல்லி, மரத்தடியில அவங்களோட உக்காந்திருக்கேன் டீச்சர், அவங்களுக்கும் இப்படி ஏதோ ஒண்ணே ஒண்ணுதான் தெரியாம இருக்கும்போல, அவங்க முழுப்பரீட்சைப் பேப்பரை ஒரு தடவ பாப்பீங்களாங்குறா. அவங்க ரெண்டு பேரும் இந்த வருஷ லிஸ்ட்ல இருக்காங்கன்னு சொல்றாங்களே டீச்சர்னு வேற கேக்கிறா. இவ தேறுறதுக்கே இன்னும் வழியக் காணோம். வேன் வாசல்ல நிக்குது. அதுக்குள்ள அடுத்தவளுக்குச் சிபாரிசு. இதைத்தான் அக்கறைன்னு சொல்லிக் கொடுத்து வச்சிருக்கா அந்தப் புண்ணியவதி.

லிஸ்ட் இன்னும் கொடுக்கல, இன்னைக்குத்தான் கொடுக்கணும். அதை அவகிட்ட நான் எதுக்குச் சொல்லணும்? ஸ்கூல் விஷயத்துல தலையிடாத, போய்ப் படின்னு அனுப்பி வச்சேன். சரி டீச்சர்னுட்டு, கும்பிட்டுட்டுப் போறா. படியில எறங்கினவ திரும்பி, ஒங்க முட்டி வலிக்கு அம்மா நொச்சி இலை போட்டு ஒத்தடம் கொடுக்கும், கொண்டாந்து தரவான்னு கேக்கிறா. கதவைச் சாத்திட்டேன்.

அடுத்த ஸ்டாப்புதான் எனக்கு. அந்தக் கம்பு தெரியுது பாருங்க, ஆடு கட்டியிருக்குல்ல, அங்கதான். அந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக் கொடுக்கிறீங்களா? பாத்து, கனமா இருக்கும். ஒம்பதாம் வகுப்பு முழுப்பரீட்சைப் பேப்பர் பூராவும் அதுலதான் இருக்கு. ஞாயித்துக்கிழமையில இருந்து வீட்டுல என் கட்டிலுக்குப் பக்கத்துலதான் கிடந்துச்சு. அந்த ரெண்டு பேர் பேப்பரும் மேலயே இருக்கு, நான்தான் தேடி எடுத்து மேல வச்சேன்.

பாக்கல. மடிப்பைப் பிரிக்கவே இல்ல. பாத்தா தெரிஞ்சு போயிருமே.